ஐஸ்பெட்டி தவசியின் பயோடேட்டா

“அனுபவம்?” என்று கம்ப்யூட்டர் சென்டர் ஜெசிந்தா அக்கா கேட்டாள். கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை, கேட்ட வேகத்திலேயே பதில் வந்து விழும் என்ற நம்பிக்கை. விழவில்லை. பெயர் வந்திருந்தது, தவசிலிங்கம், அப்பா பெயர், அருப்புக்கோட்டை முகவரி, பிறந்த தேதி எல்லாம் மளமளவென்று வந்திருந்தன, ஐ.டி.ஐ.யில் ஏசி ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பிரிவில் தேறிய வருடம்கூட வந்திருந்தது. அதற்கப்புறம் திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுங்கிக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. தவசி அதைப் பார்க்காமல் சுவரிலிருந்த ஏசியைப் பார்த்தான். உள்ளே வந்ததிலிருந்தே அது ஒரு மாதிரி முனகிக்கொண்டிருக்கிறது, கெப்பாசிட்டர் வீக்காக இருக்கும், கோடை தாங்காது, சொல்லலாமா வேண்டாமா, சொன்னால் அக்கா உடனே ஏணியை எடுத்துக் கொடுத்துவிடுவாள், வந்த வேலை கெட்டுவிடும். வந்த வேலை சின்ன வேலை இல்லை. மதுரையில் ஒரு பெரிய ஏசி கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்கிறது, இன்று சாயங்காலத்துக்குள் பயோடேட்டா மெயிலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அடுத்த முறை எடுக்கும்போது தவசிக்கு வயது தாண்டியிருக்கும். ஆக, இன்று விட்டால் விட்டதுதான். படித்து முடித்து இரண்டு வருடம் என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி, பச்சைப் பிள்ளைகூட பதில் சொல்லும், அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் தவசிக்குப் பதிலாக அவர்களே சொல்வார்கள், சொல்லிவிட்டு ஒருமுறை சாமியையும் கும்பிட்டுக்கொள்வார்கள்.

சோலைமலை மாமாதான் ஆரம்பித்து வைத்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, குட்டியானை வண்டியும் இரண்டு ஐஸ்பெட்டியும் வைத்திருக்கிறவர், ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கு ஊதுகிறவருக்கு முன்னால் மாமாவுக்குத்தான் போன் வரும். “நல்ல வேலை கெடைக்கிற வரைக்கும் சும்மா வண்டியில ஏறி உக்காருடா, குளிர்பெட்டியத்தானே படிச்ச, இதுவும் குளிர்பெட்டிதான்” என்றார். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். பெட்டியின் பக்கவாட்டில் மாமா நம்பருக்குக் கீழே தவசியின் நம்பரையும் சிவப்புப் பெயிண்டில் எழுதினார்கள். ஊரில் பாதிப் பேர் போனில் அவன் பெயர் ‘ஐஸ்பெட்டி’. பெரியகடைத் தெருவில் ஒரு நாள் பருத்திப்பால் குடிக்க வண்டியை நிறுத்தினான், அவ்வளவுதான், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலை எட்டிப் பார்த்து, உள்ளே போய்த் தன் வீட்டுப் பெரிசை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஜவுளிக்கடைக்காரர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாராம், இன்றுவரை நடமாட்டமாகத்தான் இருக்கிறார். டாக்டருக்கு நன்றி சொன்னார்கள், தவசிக்கு யாரும் சொல்லவில்லை. அதுகூடப் போகட்டும், சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு மண்டபத்து வாசலில் ஏறுகிறான், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடி வருகிறார், “யாருக்குப்பா? எங்க அண்ணனுக்கா?” சாப்பிட வந்தேன் என்று சொல்லவே தவசிக்கு வெட்கமாகிவிட்டது. சொன்னான். சாப்பிட்டான். பாயசம் இரண்டாம் முறை கேட்கவில்லை.

“என்னடா தவசி, முழிச்சுக்கிட்டே தூங்குறியா? அனுபவத்துல என்ன போட?” என்றாள் ஜெசிந்தா அக்கா. “யோசிக்கிறேன்க்கா” என்றான். யோசிக்கவில்லை, மனசுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு மே மாதம், தெற்குத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அவன் பெட்டியைத் திருப்பி எடுக்க நின்றுகொண்டிருந்தபோது எதிர் வீட்டுக்கு ஏசி மெக்கானிக் ஒருத்தன் வந்தான். நீலச் சட்டை, சட்டைப் பையில் கம்பெனிப் பெயர், தோளில் பை. அந்த வீட்டுக்காரம்மா வாசலுக்கே ஓடி வந்து, “வாங்க தம்பி, வாங்க, வாங்க, காலையிலேருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்” என்றாள். மோர் கொடுத்தாள். மோரில் கொத்தமல்லி மிதந்தது, தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. அந்த ‘வாங்க’தான் தவசியைப் பிடித்துக்கொண்டது, மோர் கூட அப்புறம்தான். சாவு வீட்டில் வருகிறவர்களை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், அது முறை. கிளம்புகிறவர்களும் போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது, அதுவும் முறை. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இரண்டு வருடமாகத் தவசி சாவு வீட்டுக்கு மட்டும்தான் போய் வந்துகொண்டிருக்கிறான். அதனால் எந்த வாசலிலும் யாரும் அவனை வாங்க என்று சொன்னதில்லை. அவனும் யாரிடமும் போயிட்டு வர்றேன் சொன்னதில்லை. அது அப்படியே ஒட்டிக்கொண்டது, டீக்கடையில் எழுந்தாலும் சொல்லாமல் போகிறான், சினேகிதன் வீட்டிலிருந்தும் சொல்லாமல் போகிறான், அம்மா சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு வந்து, “பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறானா பாரு, நான் என்ன செத்தா கெடக்கேன்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறாள். அவள் கத்துவதில் நியாயம் இருக்கிறது. தவசிக்கு அந்த நீலச் சட்டை வேண்டும், சம்பளம் எவ்வளவோ இருக்கட்டும், ஒரு வாசலில் போய் நின்றால் உள்ளேயிருந்து ஒரு முகம் சந்தோஷப்பட வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதைப் பயோடேட்டாவில் குறிக்கோள் என்ற இடத்தில் எழுத முடியாது. அங்கே ஜெசிந்தா அக்கா ஏற்கெனவே ஒரு வாசகத்தை ஒட்டியிருந்தாள். ஊரில் ஐ.டி.ஐ. முடித்த அத்தனை பையன்களுக்கும் அவள் ஒட்டுகிற அதே வாசகம்தான், நிறுவனத்தின் வளர்ச்சிக்காக உழைத்துத் தானும் வளர்வது என்று. வளர்ந்தவன் எவனையும் தவசி இதுவரை பார்க்கவில்லை.

பயோடேட்டா எழுதுவது எப்படி என்று ஐ.டி.ஐ.யில் ஒரு நாள் முழுக்க வகுப்பு நடந்தது. பிளேஸ்மெண்ட் சார் போர்டில் பெரிதாக எழுதினார்: நீ நல்லவன் என்று எழுதாதே, என்ன செய்தாய் என்று எழுது. பிரித்தேன், மாட்டினேன், சரி செய்தேன், இப்படி எழுது, யாரோடு சேர்ந்து வேலை பார்த்தாய், வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொண்டாய், எல்லாம் எழுது, பொய் மட்டும் எழுதாதே, பொய் இன்டர்வியூவில் நாறும். நல்ல மனுஷன். அவர் அப்பாவுக்கும் தவசிதான் பெட்டி கொண்டு போனான், சார் அவனைப் பார்த்ததும், “தவசி, நீயாடா!” என்று கட்டிக்கொண்டு அழுதார், வேலை கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சரி, என்ன செய்தேன்? கேஸ் நிரப்பினேன். கம்ப்ரஸர் மாற்றினேன். தெர்மோஸ்டாட் போனபோது ஓர் ஓய்வுபெற்ற தாசில்தாரைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே படுத்து, ஒப்பாரிக்கு நடுவே டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு சரி செய்தேன். எந்த மெக்கானிக்குக்கு அந்தக் கொடுப்பினை உண்டு? வோல்டேஜ் குறைகிற கிராமங்களில் ஸ்டெபிலைசர் போட்டேன். கூட்டாக வேலை பார்த்தேன், நாலு பேர் இல்லாமல் அந்தப் பெட்டியைத் தூக்க முடியாது. வாடிக்கையாளர்? ஒருத்தர்கூட இன்றுவரை குறை சொன்னதில்லை. தவசிக்கு இங்கே சிரிப்பு வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். இருமினான். அடுத்து, உங்களைப் பற்றித் தெரிந்த, உறவினர் அல்லாத இருவர் பெயர். இதில்தான் மாட்டிக்கொண்டான். அவன் வேலையைப் பக்கத்திலிருந்து அனுபவித்தவர்கள் யாரும் போன் எடுக்கிற நிலையில் இல்லை. அவர்களுடைய மகன்கள் இருக்கிறார்கள், அவன் பெயர் போனில் வந்தாலே அவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் வரும், அதை எப்படிப் போய்க் கேட்பது? அண்ணே, உங்க அப்பாவ நான் நல்லா வச்சிருந்தேன்ல, அதக் கொஞ்சம் மதுரைக்காரங்ககிட்டச் சொல்லுங்க. சீ. கேட்க முடியாது. சங்கு ஊதுகிற பெரியகருப்பன் இருக்கிறார், நல்லபடியாகச் சொல்வார், ஆனால் அவர் சந்தோஷமான சேதி சொன்னாலும் அழுகிற குரலில்தான் வரும்.

எழுதினால் என்ன ஆகும்? தவசி கண்ணை மூடாமலேயே மதுரையைப் பார்த்தான். நீளமான மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் இருப்பவர் நெற்றியில் விபூதி, காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து முதல் பேப்பரைப் பிரிக்கிறார், பிணம் வைக்கும் பெட்டி. பேப்பரைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போகிறார். சரி, மறைத்து எழுதுவோம். ஜெசிந்தா அக்காவே ஒரு வழி சொன்னாள், “நடமாடும் குளிர்சாதனப் பராமரிப்புன்னு போட்டுருவோமா? கௌரவமா இருக்குல்ல.” கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் விபூதிக்காரர் விடுவாரா, நடமாடும் என்றால் என்ன, ஐஸ்கிரீம் வண்டியா? இல்ல சார். மீனா? இல்ல சார். பூவா? பூவும் உண்டு சார். மாலையா, உதிரியா? இங்கே மாட்டிக்கொள்வான், தவசிக்குப் பொய் வராது என்று இல்லை, வரும், வந்ததும் காது சிவக்கும், ஊரே கண்டுபிடிக்கும். போட்டோ எடுத்த இடத்திலும் இதே கதிதான். ஸ்டுடியோ ராமராஜுக்கு இறந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கித் தருவதுதான் முக்கால்வாசித் தொழில், அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடுவதும் தவசிதான், நேற்று இவன் போய் பயோடேட்டாவுக்குப் படம் என்று உட்கார்ந்ததும் அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “மாலை போட்டாப்புல வேணுமா, சாதாவா?” என்று கேட்டுவிட்டு, “அய்யய்யோ தம்பி, தப்பா நெனைக்காத, வாயில வந்துருச்சு” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தவசி தப்பாக நினைக்கவில்லை. பயந்துதான் போனான். அந்தப் பயம் படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது, மேல்மூலையில் ஒட்டியிருக்கிற முகத்துக்கு மாலை ஒன்றுதான் குறை. இந்த முகத்துக்குக் கீழே ஐஸ்பெட்டி என்றும் எழுதினால், விண்ணப்பித்தவனே போய்விட்டான் என்று நினைத்து மடித்து வைத்துவிடுவார்கள்.

“அக்கா, வீட்டில் இருந்தேன்னு போட்டுருங்க” என்றான். “ரெண்டு வருஷமுமா?” “ரெண்டு வருஷமும்தான்.” அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். அவளுடைய மாமியாருக்குப் பெட்டி கொண்டு போனவனும் அவன்தான், அன்று கரண்ட் போனபோது யாருடைய கல்யாணத்துக்கோ போய்க்கொண்டிருந்த ஜெனரேட்டரை நடுரோட்டில் மறித்துக் கெஞ்சிக் கொண்டுவந்தவன். அவள் அதைச் சொல்லவில்லை. அடித்தாள். இரண்டு வருடம் ஒரே வரியில் முடிந்தது. ‘அனுப்பு’ என்று ஒரு தட்டு, போய்விட்டது, ஒரு சத்தம்கூட இல்லை. போனதற்கப்புறம்தான் தவசிக்கு உறைத்தது. கடைசியில் அந்த இரண்டு வருடமும் இல்லாமலே போய்விட்டதே, வெயிலில் நின்றதும், பூ வாடாமல் பார்த்துக்கொண்டதும், வெளிநாட்டிலிருந்து வருகிற மகனுக்காகக் கம்ப்ரஸரிடம் காதை வைத்துக்கொண்டு, நின்னுறாதம்மா, ப்ளைட் எறங்கிருச்சு, இன்னும் கொஞ்சந்தான் என்று பேசியதும் எல்லாம் சேர்ந்து, வீட்டில் இருந்தேன். ஒரு தடிமாடு தின்றுவிட்டுத் தூங்கிய மாதிரி. தன்னையே தான் ஏமாற்றிவிட்டோம் என்று அவனுக்கு அழுகையே வந்தது. மேலே ஏசி முனகியது. அதற்கு அவன் மேல் எந்த வருத்தமும் இல்லை, கெப்பாசிட்டர்தான். ஏணியைக் கேட்டு வாங்கி, மேலே ஏறி, மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் என்றால் தவசிக்கு ஒரே அர்த்தம்தான். கை தானாக எடுத்தது, குரல் தானாகத் தணிந்தது.

“சொல்லுங்க, எந்த ஊரு?”

“மதுரைங்க” என்றது ஒரு பெண்குரல்.

“மதுரையா, கொஞ்சம் தூரம். பரவால்ல, வந்துருவோம். எத்தன மணிக்கு?”

“ஆபீஸ் ஒன்பதரைக்கு…”

“காலையிலயா? ஆபீஸ்லயேவா? அடப்பாவமே, ரொம்ப நேரம் ஆயிருச்சேம்மா. பக்கத்துல ஆம்பளைங்க யாரும் இல்லையா?”

“எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. நான் மட்டுந்தான் இருக்கேன்.”

இந்த நேரத்தில் சாப்பிடப் போயிருக்கிறார்களா என்று தவசிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் பார்க்காத சாவு வீடா? “சரிம்மா, மனசத் தேத்திக்கங்க. அங்க பெரிய பிளக் பாயிண்ட் இருக்கா, ஏசிக்குப் போடுறது?”

“இருக்கு… நெறைய இருக்கு.”

“ஒண்ணு போதும். எர்த் சரியா இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க, சுத்தி ஆளு நிப்பாங்க, பெட்டியத் தொட்டுத் தொட்டு அழுவாங்க. தரை மட்டமா இருக்கணும், இல்லன்னா தண்ணி ஒரு பக்கமாத் தேங்கிரும். வச்சதுக்கப்புறம் அடிக்கடி தெறக்கக் கூடாதும்மா. தெறக்கணும்னுதான் தோணும், கூடப் பழகுனவங்க இல்லையா. ஆனா குளுமை போயிரும். நான் கூடவே இருப்பேன், பயப்படாதீங்க. ஆளு என்ன உயரம்?”

“யாருங்க?”

“தவறுனவங்க.”

ஏணிக்குக் கீழே ஜெசிந்தா அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் கம்ப்யூட்டரைக் காட்டினாள். தவசிக்கு ஏணி ஆடியது.

“தம்பி, நான் ஏசி கம்பெனியிலேருந்து சுகந்தி பேசுறேன். அப்ரண்டிஸுக்குப் போட்டிருந்தீங்கல்ல? இங்க யாரும் தவறல. ரெண்டு வருஷம் வீட்டில் இருந்தேன்னு போட்டிருக்கு, அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

காது சிவந்தது. ஏணியில் நின்றபடியே, மூடி ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாக, தவசி சொன்னான். வீட்டில் இல்லை, ஐஸ்பெட்டி, மாமாவுடையது, எழுத வெட்கமாக இருந்தது, பேப்பரைத் தொட மாட்டீர்கள் என்று நினைத்தேன். சொல்லி முடித்ததும், போச்சு, இனி ஆயுசுக்கும் சிவப்புப் பெயிண்ட்தான் என்று தோன்றியது. மண்டபத்து வாசல் வந்து போனது, கொத்தமல்லி மிதந்த மோர் வந்து போனது. போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா? அழுகையில் தவசி கை தேர்ந்தவன், ஒரு மூச்சில் பிரித்துச் சொல்லிவிடுவான். இது சிரிப்பு. அடக்கி அடக்கி முடியாமல் வருகிற சிரிப்பு, நடுவில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் அழுகையும் கலந்திருந்தது.

“கூடவே இருப்பேன், பயப்படாதீங்கன்னு சொன்னீங்களே” என்றாள் அவள். “நானும் ஒரு நிமிஷம் நெஜமாவே தைரியமாயிட்டேன், எனக்கு ஒண்ணுமே ஆகல. அந்த ரெண்டு வருஷத்தையும் எழுதி மறுபடி அனுப்புங்க, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. இன்டர்வியூ வர்ற திங்கக்கெழமை. பெட்டி வேண்டாம், நீங்க மட்டும் வாங்க.”

போன் வைத்தாகிவிட்டது. தவசி ஏணியிலிருந்து இறங்கவில்லை.

“என்னடா சொன்னாங்க? வேல தர்றாங்களா?”

“வாங்கன்னாங்கக்கா.”

“இன்டர்வியூன்னா வாங்கன்னுதான் சொல்லுவாங்க. வேல உண்டா, இல்லையா?”

“தெரியலக்கா. வாங்கன்னாங்க.”

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. கெப்பாசிட்டரின் தளர்ந்த வயரை முறுக்கி, மூடியைப் போட்டு, இறங்கி வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ‘வீட்டில் இருந்தேன்’ அழிந்தது. பிரித்தேன் என்று ஆரம்பித்தான், மாட்டினேன், நிரப்பினேன், கெஞ்சி ஜெனரேட்டர் கொண்டுவந்தேன், கூடவே இருந்தேன். அக்கா கேட்பதற்கு முன்னால் வந்து விழுந்துகொண்டே இருந்தது, ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போனது. தெரிந்த இருவர் என்ற இடத்தில் அக்கா அவனைக் கேட்காமலேயே தன் பெயரை அடித்துக்கொண்டாள். இரண்டாவதாகப் பெரியகருப்பன், அழுகிற குரலாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த முறை அனுப்பும்போது தவசியே தட்டினான்.

மாமாவிடமிருந்து போன், பந்தல்குடியில் ஒருத்தர், வண்டி வாசலில் நிற்கிறது. தவசி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான். படியில் ஒரு காலை வைத்தவன் நின்றான். திரும்பி வந்து, கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“அக்கா, போயிட்டு வர்றேன்.”

ஜெசிந்தா அக்கா அடுத்த பையனுக்காக அதே குறிக்கோளை ஒட்டிக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “சரி, வா” என்றாள்.